ஆயில் மண்டியும் ஒழுகலும்: பழைய இன்ஜின் கேள்வி பதில்

கேள்வி: 1,80,000 கி.மீ. ஓடிய பெட்ரோல் கார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே கீல் பூசியதுபோல் கறுப்பாக இருக்கிறது. ஃப்ளஷிங் ஆயில் ஊற்றிக் கழுவிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். மூடிக்கு அடியில் தெரிவதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மூடியிருக்கும் ஹெட் கவரைக் கழற்றிப் பாருங்கள். உலோகத்தின் மேல் பழுப்பாக, மெல்லிய வார்னிஷ்போல் ஒட்டியிருந்தால் அதனால் கெடுதல் இல்லை, விட்டுவிடலாம். துணியால் துடைத்தால் வருகிற மெழுகுப் பதம் என்றால் பொறுமையாகக் கரைக்கலாம். விரலால் அழுத்தினால் பொருக்காக உதிர்கிறது என்றால் ஃப்ளஷிங் பக்கமே போகக் கூடாது.

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் புகையோடு எரியாத பெட்ரோலும் நீராவியும் அமிலமும் ஆயிலில் கலக்கின்றன. இந்த அழுக்கு ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கவிடும் ரசாயனம் ஆயிலிலேயே இருக்கிறது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் அது தீர்ந்துபோய், அழுக்கு திரண்டு மண்டியாகப் படிகிறது. இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் அணைத்துவிடும் குட்டிப் பயணங்களும் இதற்கு முக்கியக் காரணம். நீராவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும்.

ஃப்ளஷிங்கில் என்ன ஆபத்து? ஆயில் ஃபில்டர் இருப்பது ஆயில் பம்புக்குப் பின்னால். பம்புக்கு முன்னால் இருப்பது, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குள் கிடக்கும் ஸ்ட்ரெய்னர் வலை ஒன்றுதான். மேலிருந்து ஒரே நேரத்தில் பெயர்ந்து விழும் மண்டி அந்த வலையில் அப்பிக்கொண்டால் பம்புக்கு ஆயில் கிடைக்காது. புது ஃபில்டர் போட்டிருந்தாலும் பேரிங் போய்விடும்.

மெழுகுப் பதம் என்றால் வழி இது: கையேடு சொல்லும் கிரேடில் நல்ல ஆயில் ஊற்றி, சுமார் 1,500 கி.மீ. ஓடியதும் இன்ஜின் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். முதல் சுற்றில் மட்டும் 500 கி.மீ.யிலேயே ஃபில்டரைத் தனியாக ஒருமுறை மாற்றுவது நல்லது. மூன்று நான்கு சுற்றில் தெளியும். நடுவில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுக்கினால் வண்டியை ஓட்டவே வேண்டாம். அந்த விளக்கு பெரும்பாலான இன்ஜின்களில் 0.3 முதல் 0.5 பார் அழுத்தத்துக்கு இறங்கிய பிறகுதான் எரியும். அது முன்னெச்சரிக்கை இல்லை, கடைசி எச்சரிக்கை.

பொருக்கு என்றால் சம்ப்பைக் கழற்றியே ஆக வேண்டும். ஸ்ட்ரெய்னரை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். வலை கிழிந்திருந்தால் புதிது. ஸ்ட்ரெய்னர் குழாய் பம்போடு சேரும் இடத்தில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருந்தால் அதை மாற்றாமல் திரும்பப் பூட்டாதீர்கள். இறுகிப்போன ஓ-ரிங் வழியாகப் பம்பு காற்றை உறிஞ்சும், வலை பளிச்சென்று இருந்தும் அழுத்தம் வராது. ஹெட்டில் ஆயில் கீழே இறங்கும் ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிட்டுப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். அலுமினியத்தில் இரும்புத் தகடு கோடு போட்டுவிடும். பூட்டி முடித்ததும் பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை பத்துப் பத்து விநாடியாக விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அதன் பிறகு ஸ்டார்ட் செய்யலாம்.

கேள்வி: செலவில்லாமல் டீசல் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கழுவலாம் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். பேரிங்கைத் தாங்குவது ஆயில் படலம். டீசலுக்கு அந்தத் தடிமன் கிடையாது. வடித்த பிறகும் ஆயில் வழிகளில் கொஞ்சம் தங்கி, அடுத்து ஊற்றும் புது ஆயிலையும் நீர்க்கச் செய்யும்.

கேள்வி: ஒரே வருடத்தில் ஹெட் கவர் கேஸ்கெட்டை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. மறுபடியும் ஒழுகுகிறது. மட்டமான கேஸ்கெட்டா?

பதில்: கேஸ்கெட்டைக் குறை சொல்வதற்கு முன் இன்ஜினால் மூச்சுவிட முடிகிறதா என்று பாருங்கள். பிஸ்டன்களுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையில் சேரும் புகை, பி.சி.வி. வால்வு வழியாக, இன்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக் பக்கம் போக வேண்டும். மண்டி படிந்து அந்த வால்வோ அதன் ஹோஸோ அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான இடம் எதுவோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். மண்டியும் ஒழுகலும் ஒரே வண்டியில் சேர்ந்து வருவதற்குப் பல சமயம் இதுதான் காரணம். எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் நிற்காது.

சோதனை எளிது. இன்ஜின் சூடாக ஐட்லிங்கில் இருக்கும்போது ஆயில் மூடியைக் கழற்றி, ஆயில் ஊற்றும் வாய்மேல் ஒரு காகிதத்தை வையுங்கள். லேசாக உறிஞ்சிப் பிடித்தால் சரி. தூக்கி எறிந்தால் அழுத்தம் இருக்கிறது. வால்வைக் கழற்றிக் குலுக்கினால், குண்டு அல்லது முள் வைத்த வகை ‘கடகட’ என்று ஆட வேண்டும். வால்வையும் ஹோஸையும் மாற்றிய பிறகும் காகிதம் பறந்தால் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்காமல் இனிமேல் ஸ்பேனர் எடுக்காதீர்கள்.

மூச்சு சரியாக இருந்தும் ஒழுகினால் பூட்டியதில்தான் தவறு. ரப்பர் கேஸ்கெட்டுக்கு முழுச் சுற்றும் பேஸ்ட் தடவக் கூடாது. கேம் மூடியும் ஹெட்டும் சேரும் மூலைகளில் மட்டும் ஒரு சொட்டு போதும். பிதுங்கி உள்ளே விழும் சிலிக்கான் நேரே ஸ்ட்ரெய்னரில் போய் உட்காரும். போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றாக முறுக்குங்கள். பல இன்ஜின்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் வரும். உங்கள் வண்டியின் அளவைக் கையேட்டில் பாருங்கள். ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்கினால் தகட்டு கவர் போல்ட் ஓட்டையைச் சுற்றிக் குழிந்து, நடுப்பகுதி தூக்கிக்கொள்ளும். அப்படிக் குழிந்த கவரைச் சமதளத்தில் கவிழ்த்துத் தட்டி நிமிர்த்தாமல் போடுகிற புது கேஸ்கெட் வீண்.

கேள்வி: கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டுகிறது. கிராங்க்கின் பின்பக்க சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: இறக்குவதற்கு முன் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். ஆயில் மேலே கசிந்து, வண்டி ஓடும்போது வரும் காற்றில் பின்னோக்கி வழிந்து, கடைசியில் சொட்டுவது அதே இடத்தில்தான். இன்ஜினை டீகிரீசர் போட்டுக் கழுவிக் காயவைத்து, இருபது கி.மீ. ஓட்டிவிட்டு டார்ச்சோடு மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள்: ஹெட் கவரின் பின் ஓரம், கேம் பின்முனை அடைப்பு, டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங், ஆயில் பிரஷர் ஸ்விட்ச். ஈரம் தொடங்கும் மிக உயரமான புள்ளிதான் ஊற்றுக்கண். கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயிலாகவே இருக்கலாம்.

சீல்தான் என்று உறுதியானால், கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிளட்ச் தட்டையும் பார்த்துவிடுங்கள். ஆயில் ஊறிய தட்டு வழுக்கும். பழைய சீலின் உதடு கிராங்க்கில் பள்ளம் போட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புது சீலை ஓரிரு மி.மீ. முன்பின் தள்ளி உட்காரவைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மெல்லிய ஸ்லீவ் போட வேண்டும். அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் புது சீலும் ஒழுகும்.

கேள்வி: ஒழுகலை நிறுத்தும் திரவங்கள் வேலை செய்யுமா?

பதில்: இறுகிச் சுருங்கிய ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும், அவ்வளவுதான். கிராங்க், கேம் சீலில் லேசான கசிவு என்றால் சில மாதம் தாங்கலாம். கிழிந்த சீலுக்கும் வெடித்த கேஸ்கெட்டுக்கும் வளைந்த சம்ப்புக்கும் பயனில்லை.

கேள்வி: மூடிக்கு அடியில் வெள்ளையாக நுரை கட்டுகிறது.

பதில்: ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. குளிர்காலத்தில், குட்டிப் பயணம் மட்டும் போகும் வண்டி என்றால் பெரும்பாலும் நீராவிதான். துடைத்துவிட்டு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். திரும்ப வராவிட்டால் கவலையில்லை. டிப் ஸ்டிக்கிலும் அதே பால் நிறம் தெரிந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ ஆயில் கூலரையோ சந்தேகப்படுங்கள். அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டு போவதே நல்லது.

கேள்வி: சிந்தெடிக் ஆயிலுக்கு மாறியதும் ஒழுக ஆரம்பித்துவிட்டது. பழையபடி 20டபிள்யூ-50 கிரேடு கெட்டி ஆயிலுக்குப் போகலாமா?

பதில்: இன்றைய சிந்தெடிக் சீலைத் தின்பதில்லை. ஏற்கெனவே வெடித்திருந்த சீலை அடைத்துக்கொண்டிருந்த மண்டியைக் கழுவியிருக்கும். கெட்டி ஆயில் சொட்டுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஹெட்டுக்கு ஏறவும் தாமதமாகும். கையேடு 20டபிள்யூ-50ஐ அனுமதித்தால் ஊற்றலாம். இல்லையென்றால் சீலை மாற்றுங்கள்.