வடிவத்தை எம்.சி. ரோட்டில் பாருங்கள், துணியை லேபிளில் வாங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 27. தண்டையார்பேட்டையில் வீடு, தேனாம்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. டிரெஸ் எல்லாம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில்தான் எடுப்பேன். ஆபீஸில் கூட வேலை செய்பவர்கள் நான் கேள்வியே படாத சின்னச் சின்ன லேபிள்களில் வாங்குகிறார்கள். 'உன்னோடது எந்த பிராண்ட்?' என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். இந்த சீசனுக்கு என்ன டிரெண்ட் என்று எனக்குத் தெரிவதற்குள் அது கடை கடையாகத் தொங்கிவிடுகிறது. பீரோ நிறையத் துணி இருக்கிறது, போட ஒன்றும் இல்லை. இன்ஸ்டாகிராமில் ஒரு புது லேபிளின் கைத்தறி டிரெஸ் பார்த்தேன், விலை 4,800 ரூபாய். 'அந்தக் காசுக்கு எட்டு சுடிதார் எடுக்கலாம்' என்கிறார் அம்மா. புது லேபிள்களை எப்படித் தேடுவது, யாரை நம்புவது? அந்த டிரெஸ்ஸை வாங்கலாமா அக்கா?
- பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: யாராவது பிராண்ட் கேட்டால் எம்.சி. ரோடு என்றே சொல்லுங்கள் தங்கச்சி. துணி விஷயத்தில் கூச்சப்பட வேண்டிய ஏரியா இல்லை நம்முடையது. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. மெட்ரோவில் உங்களுக்கு வடக்கே இருக்கும் காலடிப்பேட்டை, ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில், அதாவது 1717-20 வாக்கில், நெசவாளர்களைக் குடிவைத்த ஊர். பெரம்பூரில் பின்னி மில் 1996 வரை ஓடியது. உலகம் முழுக்க 'மெட்ராஸ் செக்' என்று ஒவ்வொரு கோடையிலும் திரும்பத் திரும்ப 'டிரெண்ட்' ஆகிற கட்டம் போட்ட பருத்தி, நம்ம கடற்கரையிலிருந்து கிளம்பிப் போனதுதான். ஆபீஸில் யாராவது அதைப் போட்டுக்கொண்டு வந்தால் நீங்கள் கேளுங்கள், 'எந்த ஊர் துணி?' என்று.

பீரோ நிறைய இருந்தும் போட ஒன்றும் இல்லாததற்குக் காரணம் கடை இல்லை. ஒரே கடையில் ஒரே நாளில் வடிவம், துணி, கலர் மூன்றையும் டிரெண்டைப் பார்த்து எடுக்கிறீர்கள். டிரெண்ட் போனதும் மூன்றும் சேர்ந்து போய்விடுகிறது. இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். வடிவத்தை எம்.சி. ரோட்டில் சோதித்துப் பாருங்கள். துணிக்காக மட்டும் சின்ன லேபிளிடம் போங்கள். கலர் உங்கள் இஷ்டம், அதை யாரிடமும் கேட்காதீர்கள்.

டிரெண்ட் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதன் பின்னால் ஓடத் தோன்றாது. பாரிஸ், மிலான் மேடைகளில் அடுத்த ஆண்டின் கோடைக்கான உடைகளைச் செப்டம்பர், அக்டோபரில் காட்டுவார்கள். குளிர்காலத்துக்கானவை பிப்ரவரி, மார்ச்சில் வரும். கடைக்கு வர ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் சூரத், ஜெய்ப்பூர், திருப்பூர் எல்லாம் போட்டோவைப் பார்த்துத் தைக்கத் தொடங்கிவிடும். எம்.சி. ரோட்டுக்கு அது இவ்வளவு சீக்கிரம் வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நம் நாட்டில் லேக்மே ஃபேஷன் வீக் மார்ச் வாக்கில் ஒருமுறை, அக்டோபர் வாக்கில் ஒருமுறை நடக்கும். முதலாவது கோடைக்கு, இரண்டாவது பண்டிகைக்கு. இந்த நான்கு நேரங்களிலும் போட்டோக்களை ஒரு மணி நேரம் புரட்டினாலே போதும். கலரையும் வேலைப்பாட்டையும் விட்டுவிட்டு, தோள் எங்கே விழுகிறது, இடுப்பு எங்கே நிற்கிறது, பேன்ட் எவ்வளவு அகலம், டாப் எவ்வளவு நீளம் என்று மட்டும் பாருங்கள். உங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

அங்கே 'சம்மர்' என்றால் நமக்கும் கோடை என்று எடுத்துக்கொண்டு ஏமாறாதீர்கள். நமக்குக் கொதிக்கும் மாதங்கள், மழை மாதங்கள், நடுவே மார்கழி, தை என்று கொஞ்சம் மூச்சுவிடும் நாட்கள். அதிலும் கடலோரத்து வேர்வை வேறு. 2025 ரம்ஜானுக்கு மண்ணடி, வண்ணாரப்பேட்டைப் பக்கம் பாகிஸ்தான் பாணி ஃபர்ஷி சல்வார் பிரமாதமாகப் போயிற்று. பார்க்க ராணி மாதிரி இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் கால் முழுக்க மூடித் தரையைக் கூட்டும் அந்த நீளத்தை ஐப்பசி மழையில் டி.எச். ரோட்டில் கட்டிக்கொண்டு நடக்க முடியுமா? அதே போல 2026க்கு, நிறங்களுக்குப் பெயரும் எண்ணும் கொடுக்கும் பான்டோன் நிறுவனம் 'கிளவுட் டான்சர்' என்று ஒரு வெள்ளையை ஆண்டின் நிறமாக அறிவித்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் ஏரியாவில் வெள்ளை பேன்ட் வேண்டாம், டாப் பரவாயில்லை. முந்தின கோடையில் எல்லோரும் கொண்டாடிய வெண்ணெய் மஞ்சள் நம் நிறத்துக்கு அதைவிட நன்றாகவே பொருந்தும். பழசாயிற்றே என்று அதை ஒதுக்காதீர்கள்.

மழை மாதங்களுக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கும், பாவாடை மாதிரி அகன்ற கியூலாட் பேன்ட் போதும். ரேயான், விஸ்கோஸ் வகைகள் ஈரமானால் கனத்துத் தொங்கும், அந்த மூன்று மாதமும் அவை பீரோவிலேயே இருக்கட்டும்.

இப்போது சோதனை. பீப்பாய் மாதிரி நடுவில் அகன்று கீழே குறுகும் பேன்ட் உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியாது. அதை எம்.சி. ரோட்டில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு எடுத்து ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். ஆபீஸ் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, மெட்ரோவில் நின்று, மாடிப்படி ஏறிப் பார்த்தபின் கை தானாக அதையே தேடி எடுக்கிறதா? அப்படியென்றால் அந்த வடிவம் உங்களுடையது. அதே வடிவத்தை நல்ல துணியில் தேடுங்கள். எடுக்கத் தோன்றவில்லை என்றால் போன காசு ஐந்நூறோடு போயிற்று.

அடுத்து, புது லேபிள்களைத் தேடுவது. முதலில் படிப்பு முடிக்கிற இடத்தில் பாருங்கள். தரமணியில் நிஃப்ட் என்ற ஃபேஷன் கல்லூரி 1995 முதல் இருக்கிறது. அங்கே கடைசி ஆண்டு மாணவர்கள் தங்கள் டிசைன்களைக் காட்சிக்கு வைக்கும் நேரத்தில் பெயர்களைக் குறித்துக்கொண்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர்களில் சிலர் சொந்த லேபிளோடு வந்து நிற்பார்கள். லேக்மே ஃபேஷன் வீக்கில் 'ஜென் நெக்ஸ்ட்' என்று புதியவர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதில் தேர்வாகும் பெயர்களை மட்டும் தேடிப் பார்த்தாலே ஒரு நல்ல பட்டியல் கையில் வந்துவிடும்.

நம் பக்கத்திலேயே தொடங்க வேண்டுமானால் ஈரோட்டின் 'ஓஷாதி' பருத்தியை விளைவிப்பதிலிருந்து துணி வரை ஒரே வட்டாரத்தில் செய்கிறது. ஆரோவில்லின் 'உபாசனா' 1997 முதல் பருத்தி உடைகள் செய்துவருகிறது, புதுசு என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஒரு சின்ன லேபிள் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க நல்ல உதாரணம். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து 'நௌஷாத் அலி' கைத்தறியில் தளர்வான, ஆபீஸுக்கும் ஒத்துவரும் வடிவங்கள் செய்கிறார். டெல்லியின் 'டூடுலேஜ்' தொழிற்சாலைகளில் மிஞ்சிய துணியில் தைக்கிறது. உங்கள் பட்ஜெட்டுக்கு இவற்றில் பல அதிகம்தான். வாங்குவதற்காகச் சொல்லவில்லை, கண் பழகட்டும் என்று சொல்கிறேன். நல்ல வேலை எது என்று கண்ணுக்குப் பிடிபட்டபின் 1,800 ரூபாய் லேபிளிலும் அதை அடையாளம் காண்பீர்கள்.

இன்ஸ்டாகிராமில் டிரெஸ்ஸைத் தேடாதீர்கள், துணியைத் தேடுங்கள். நெகமம் காட்டன், கண்டாங்கி, சுங்குடி என்று போட்டுப் பாருங்கள். நெசவாளர் குழுக்களும் சாயக்காரர்களும் தாங்கள் யாருக்குத் துணி கொடுத்தோம் என்று டேக் செய்வார்கள். அந்த வழியாகப் போனால் விளம்பரக் காசு இல்லாத லேபிள்கள் கண்ணில் படும். ஒரு லேபிளின் பக்கத்துக்குப் போனதும் மாடல் படங்களைத் தாண்டி, வாங்கியவர்கள் டேக் செய்த படங்களைப் பாருங்கள். குண்டான பெண், குள்ளமான பெண், ஐம்பது வயதுப் பெண் மேல் அந்த டிரெஸ் எப்படி இருக்கிறது என்று அங்கேதான் தெரியும். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 2015இல் முதல்முறையாக அது நடந்ததே நம் சென்னையில்தான். அந்த வாரத்தில் ஊரில் கைத்தறிக் கண்காட்சிகள் நிறைய இருக்கும். கையில் தொட்டுப் பார்க்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது.

தொட்டுப் பார்க்கும்போது டிரெஸ்ஸை முதலில் உள்பக்கம் திருப்புங்கள். வெளிப்பக்கம் அழகாகத்தான் இருக்கும், அதற்குத்தான் காசே வாங்குகிறார்கள். உள்ளே பக்கவாட்டுத் தையலில் அரை இஞ்சாவது துணி விட்டிருக்கிறார்களா? விட்டிருந்தால் நாளைக்கு உடம்பு போட்டாலும் பிரித்துவிடலாம். விளிம்பில் வெறும் ஓவர்லாக் அடித்து நூல் தொங்குகிறதா, அல்லது மடித்து மூடித் தைத்திருக்கிறார்களா? காஜாவை நகத்தால் லேசாக நெருடிப் பாருங்கள், நூல் கையோடு வந்தால் நாலு துவையலுக்குத் தாங்காது. கட்டமோ கோடோ இருந்தால் பக்கவாட்டில் இரண்டு துணியும் சேரும் இடத்தில் கோடு ஒன்றோடு ஒன்று சேர்கிறதா என்று பாருங்கள். அதைச் சேர்க்கத் துணி கூடுதலாகச் செலவாகும், வெட்டுபவருக்கு நேரமும் ஆகும். அங்கே மிச்சம் பிடிக்காதவர்கள் பெரும்பாலும் வேறெங்கும் பிடிப்பதில்லை. பாக்கெட் இருந்தால் முழுக் கையும் போகிறதா என்று விட்டுப் பாருங்கள், மொபைல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாக்கெட்டுக்கு என்ன அர்த்தம்?

சாயம் பற்றி ஒரு பழைய கதை. 1958இல் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடை மெட்ராஸ் துணியில் உடைகள் தைத்து விற்றது. துணி சாயம் போகும், குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற விவரம் வாங்கியவர்களுக்குப் போகவில்லை. துவைத்தவுடன் ஒரே களேபரம். பிறகு அதையே 'சாயம் போவதற்கு உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்து சமாளித்துவிட்டார்கள், அது வேறு சாமர்த்தியம். இயற்கைச் சாய உடை விற்கும் லேபிள் சாயம் போகுமா, எப்படித் துவைப்பது என்பதைக் கேட்காமலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாதவரிடம் நீலம், சிவப்பு வாங்காதீர்கள்.

பணம் விஷயத்தில் கறாராக இருங்கள். பில் தராமல் ஒரு தனிநபர் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முகவரி, அளவு மாற்றித் தரும் விதி, அனுப்ப எத்தனை நாள் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இனி அந்த 4,800 ரூபாய். உங்கள் அம்மாவின் கணக்கைத் தள்ளிவிடாதீர்கள். எட்டு சுடிதாரில் ஆறை நீங்கள் போடப்போவதில்லை என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள். விலை ஏன் இவ்வளவு என்றால், கைத்தறியில் ஒரு நாளைக்கு நெய்ய முடிவது சில மீட்டர்தான். பத்து இருபது உருப்படி வெட்டுபவருக்கு ஆயிரம் வெட்டுபவரின் மலிவு கிடைக்காது. வரியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான உடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. வரி சேர்த்துத்தான் 4,800 என்றால் அதில் ஏறக்குறைய 730 ரூபாய் அரசாங்கத்துக்கு. அதனால் முதல் கொள்முதலை 2,500க்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். ஜிஎஸ்டி எண் இல்லாத லேபிள் உங்களிடம் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது, அதையும் பில்லில் பாருங்கள்.

எனவே அந்த டிரெஸ்ஸை இப்போதே வாங்க வேண்டாம். அதே லேபிளில் ஒரு டாப்போ ஷர்ட்டோ குறைந்த விலையில் இருந்தால் அதை எடுங்கள். அதற்கு முன்னால் மூன்று கேள்வி அனுப்புங்கள்: துணி எந்த ஊரில் நெய்தது, துவைத்தால் எவ்வளவு சுருங்கும், உங்கள் மார்பு, இடுப்பு அளவு இஞ்சில் இவ்வளவு என்றால் எந்த சைஸ். தெளிவான பதில் இரண்டு நாளில் வந்தால் நல்ல ஆட்கள். 'டிஎம் ஃபார் டீடெயில்ஸ்' என்று எழுதிவிட்டு டிஎம்மில் இதயம் மட்டும் அனுப்புகிறவர்களை விட்டுவிடுங்கள். டாப் வந்து ஐந்தாறு துவையல் தாண்டியும் தோளும் சாயமும் நின்றால், டிரெஸ்ஸுக்குத் தாராளமாகக் காத்திருக்கலாம். சின்ன லேபிள்கள் சீசன் முடிவில் மிஞ்சிய உருப்படிகளையும் போட்டோவுக்குப் போட்ட சாம்பிள்களையும் குறைத்து விற்பார்கள், அந்த அறிவிப்புக்கு மட்டும் அலர்ட் போட்டு வையுங்கள்.

தீபாவளிக்குத்தான் வேண்டும் என்றால் கணக்கு வேறு. ஆர்டர் வந்தபின் தைப்பவர்கள் மூன்று, நான்கு வாரம் கேட்பார்கள், பண்டிகை நெருங்கினால் ஆர்டரையே மூடிவிடுவார்கள். ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள். கை நீளமோ உயரமோ பிடிக்க வேண்டியிருந்தால் உங்கள் தெரு டெய்லருக்கும் புரட்டாசிக்குள் கொடுத்துவிட வேண்டும், ஐப்பசி பிறந்தபின் அவர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.