கோப்பைப் பதிவிறக்கும்போது பிரௌசர் ஏன் தானாக மூடிக்கொள்கிறது?

திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் ஹால் டிக்கெட்டையோ பட்டா நகலையோ இறக்கும் நேரத்தில், அதுவரை ஒழுங்காக ஓடிய பிரௌசர் திடீரென மறைந்துபோவதைத்தான் ‘கிராஷ்’ என்கிறோம். சமாளிக்க முடியாத பிழையால் செயலி நின்றுவிடுகிறது என்பது அதன் பொருள்.

பக்கத்தைக் காட்டுவது பிரௌசரின் சொந்த வேலை. கோப்பைச் சேமிக்கவோ அது விண்டோஸின் துணையை நாட வேண்டும். எங்கே சேமிப்பது என்று கேட்கும் பெட்டி திறக்கும்போது, பிற மென்பொருள்கள் அதில் செருகி வைத்த துணைநிரல்களும் பிரௌசருக்குள் ஏறிவிடக்கூடும். அவற்றில் ஒன்று பழுதாக இருந்தாலும் பிரௌசரே விழக்கூடும். வேலூர் மண்டித் தெருவுக்கு நல்ல நிலையில் வந்த லாரி, கிடங்கின் கதவு சிக்கிக்கொண்டதால் சரக்கை இறக்க முடியாமல் நிற்பதைப் போன்றது இது.

ஆகவே முதலில், ஒவ்வொரு முறையும் இடம் கேட்கும் தேர்வைப் பதிவிறக்க அமைப்பில் அணைத்துவிட்டு, சேமிக்கும் இடத்தை டெஸ்க்டாப்புக்கு மாற்றிப் பாருங்கள். எப்போதோ கழற்றிய பென்டிரைவே இன்னும் அங்கே குறிக்கப்பட்டிருக்கலாம். அடுத்து, பிரௌசரில் கூடுதலாகச் சேர்த்திருக்கும் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) அனைத்தையும் அணையுங்கள். அவற்றில் நான் முதலில் சந்தேகிப்பது, பதிவிறக்கத்தைக் கையாளும் டவுன்லோட் மேனேஜரைத்தான். கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் புதிய புரொஃபைல் (உங்கள் அமைப்புகளையும் நீட்சிகளையும் பிரௌசர் சேர்த்து வைக்கும் தொகுப்பு) ஒன்றை உருவாக்கி அதில் பதிவிறக்குங்கள். அங்கே சிக்கலின்றி இறங்கினால், பழுது பழைய புரொஃபைலில்தான் உள்ளது.

பிரௌசரை நீக்கி மறுபடி நிறுவினால் எல்லாம் தீரும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் நீக்கிய பின்னும் பழைய புரொஃபைல் பெரும்பாலும் கணினியிலேயே தங்கிவிடுவதால், அதிலுள்ள பழுதும் கூடவே திரும்பி வரும்.