இலாபம் எங்கே என்று கேட்ட வாசகருக்கு

கேள்வி: 1955இல் இந்தோனீசியாவின் பாண்டுங் நகரில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்க மாநாட்டில் தொடங்கி, அணிசேரா இயக்கம், 77 நாடுகள் குழு என்று வளரும் நாடுகள் எழுபது ஆண்டுகளாகக் கூடிப் பேசுகின்றன. உலக அமைதி, மேம்பாடு, சுயநிர்ணய உரிமை என்று ஒவ்வொரு முறையும் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். முன்னேறிவிட்ட சிங்கப்பூருக்கு அந்தக் கூட்டத்தில் இன்னும் என்ன இலாபம்? விலகிவிடலாமே? – ஈசூன் வாசகர் ஒருவர்

பதில்: இலாபக் கணக்கைக் கேட்டிருக்கிறீர்கள். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஊரில் அது முறையான கேள்விதான்; ஆகவே கடலிலிருந்தே தொடங்குகிறேன்.

கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் நின்று பார்த்தால், நங்கூரமிட்ட கப்பல்கள் அடிவானம்வரை வரிசை பிடித்து நிற்பதும், அவற்றுக்கு அப்பால் இந்தோனீசியத் தீவுகள் நீலக்கோடாகத் தெரிவதும் உங்களுக்குப் பழகிய காட்சியாக இருக்கும். இடையில் உள்ள சிங்கப்பூர் நீரிணை ஃபிலிப் கால்வாய்ப் பகுதியில் சுமார் ஒன்றரைக் கடல்மைல் அகலம்தான். இந்தோனீசியா 1957இலும் மலேசியா 1969இலும் தங்கள் கடல் எல்லையை 12 கடல்மைலாக விரித்தபோது, நம் துறைமுகத்திற்கு வரும் வழி ஏறக்குறைய முழுவதும் அண்டை நாடுகளின் கடலாகிவிடும் நிலை வந்தது. 1971 நவம்பரில் மூன்று நாடுகளும் வெளியிட்ட கூட்டறிக்கையில், மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகள் அனைத்துலக நீரிணைகள் அல்ல என்று அவ்விரு நாடுகளும் அறிவித்தன. அந்த நிலைப்பாட்டைக் கவனத்தில் கொள்வதாக மட்டும் சிங்கப்பூர் கூறியது. ஆறே ஆண்டு வயதுடைய ஒரு நாடு, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய இரு அண்டை நாடுகளுக்கு நடுவில் நின்று, ஒப்புக்கொள்ளவும் செய்யாமல் மோதவும் செய்யாமல் எழுதிய வரி அது.

அந்தச் சிக்கலை அவிழ்த்தது 1973 முதல் 1982 வரை நடந்த ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் மூன்றாவது கடற்சட்ட மாநாடு. முதலில் அதற்குத் தலைமை வகித்தவர் இலங்கையின் ஷெர்லி அமரசிங்க. 1980இல் அவர் மறைந்தபின் தலைமையேற்று அதை முடித்து வைத்தவர் நம் அரசதந்திரி டாமி கோ. கரையோர வளரும் நாடுகள் மீன், எண்ணெய் போன்ற வளங்கள் தங்களுக்கே உரியதாகும் 200 கடல்மைல் பொருளியல் மண்டலம் கேட்டன. கடலே இல்லாத நாடுகளும் நம்மைப் போல் கடல் ஒடுங்கிய நாடுகளும் அதில் தங்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டன. கடற்படை வல்லரசுகளோ நீரிணைகளில் தடையற்ற போக்குவரத்து வேண்டும் என்றன. எல்லாவற்றையும் ஒரே உடன்படிக்கைக்குள் சேர்த்து, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெற்று முடித்தார்கள். நீரிணைகளில் கப்பல்கள் கடந்து செல்லும் உரிமையைக் கரையோர நாடு நிறுத்தி வைக்க முடியாது என்ற விதி அப்படித்தான் பிறந்தது. 77 நாடுகள் குழு அங்கே ஒரே குரலில் பேசவில்லை. நமக்கு வேண்டிய விதியில் நம் குழுத் தோழர்கள் சிலரே எதிர்ப்பக்கம் நின்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், நூற்றுக்கும் மேற்பட்ட வளரும் நாடுகள் குழுவாக நின்று பேரம் பேசியிராவிட்டால் அந்த உடன்படிக்கை வல்லரசுகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒன்றாக முடிந்திருக்கும். நீங்கள் கேட்ட இலாபம் நாள்தோறும் அந்த நீரிணை வழியாக வந்துகொண்டிருக்கிறது, ஐயா.

மேம்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1960இல் ஐநா அனுப்பிய குழுவின் தலைவராக வந்த டச்சுப் பொருளியல் வல்லுநர் வின்செமியஸ் தொழில்மயத்திற்கு வழி சொன்னார். அந்த உதவியைப் பெற்ற நாடு, 1992 முதல் சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டத்தின் மூலம் பிற நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்கிறது. பெற்றதைத் திருப்பித் தருவது கடமை. அதை இலாபக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன்.

எனக்குக் கவலை தருவது சுயநிர்ணய உரிமைதான். பாண்டுங்கில் 29 நாடுகளுக்கு விருந்தளித்த அதே இந்தோனீசியா, 1975 டிசம்பர் 7ஆம் தேதி, போர்ச்சுகீசியக் காலனியாக இருந்த கிழக்குத் தீமோருக்குள் படையை அனுப்பியது. ஐந்தே நாளில் ஐநா பொதுப்பேரவை அதைக் கண்டித்தபோது 72 நாடுகள் ஆதரித்தன, 10 எதிர்த்தன, 43 ஒதுங்கி நின்றன. மலேசியா, தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் மூன்றும் இந்தோனீசியாவோடு எதிர்த்து வாக்களித்தன. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் சிங்கப்பூர் மட்டும் ஒதுங்கி நின்றது. அப்போதைய நிலையில் அதற்கே துணிவு வேண்டியிருந்தது. ஆனால் பிந்திய ஆண்டுகளில் நாமும் இந்தோனீசியாவின் பக்கம் போனோம். 1999 ஆகஸ்ட் 30ஆம் தேதி தீமோர் மக்களிடமே கேட்டபோது நூற்றுக்கு 78 பேருக்கு மேல் விடுதலையைத் தேர்ந்தெடுத்தார்கள். காலனி ஆதிக்கத்தை எதிர்க்க ஒன்றுகூடிய நாடுகள், தங்களில் ஒருவர் அதே செயலைச் செய்தபோது 24 ஆண்டுகள் தயங்கின. இந்த இயக்கத்தின் மீது எனக்குள்ள ஆறாத மனக்குறை இது.

தயங்காத நேரங்களும் உண்டு. 1979இல் கம்போடியா மீதான வியட்னாமியப் படையெடுப்பை எதிர்த்து, அப்போதைய நம் வெளியுறவு அமைச்சர் ராஜரத்னம் அணிசேரா இயக்கத்திற்குள்ளேயே நின்று வாதாடினார். அந்த ஆண்டு நவம்பரில் ஐநாவில் 91 நாடுகள் அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்றன. அதற்குக் கொடுத்த விலை, வியட்னாம் விரட்டிய முந்தைய ஆட்சியினரும் கொலைகாரர்களுமான கெமர் ரூஜ் கையில் அந்நாட்டின் ஐநா இருக்கை நீடித்தது என்பது. அதை எண்ணும்போது இன்றும் மனம் கூசுகிறது. 1983இல் அமெரிக்கா சிறிய கரீபியத் தீவு நாடான கிரெனடாவுக்குள் படையுடன் நுழைந்தபோது, நம் நெருங்கிய நட்பு நாடு என்று பாராமல் சிங்கப்பூர் கண்டனத்திற்கு ஆதரவாக வாக்களித்தது. 2022 மார்ச் 2ஆம் தேதி, ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்த உக்ரேன் தீர்மானத்தை ஆதரித்த 141 நாடுகளில் நாமும் இருந்தோம். இந்தியாவும் இலங்கையும் ஒதுங்கி நின்றன.

இங்கே நம் தமிழ் வாசகர்கள் மீதான என் பழைய வழக்கை மீண்டும் எடுக்கிறேன். டெல்லி என்ன சொன்னது, கொழும்பு எப்படி வாக்களித்தது என்று தேக்கா காப்பிக்கடையில் மணிக்கணக்கில் பேசுகிறோம். நமக்குக் கடவுச்சீட்டு கொடுத்த நாடு எந்தப் பொத்தானை அழுத்தியது என்று கேட்டால் மௌனம். முன்பு இதை எழுதியபோது, சின்ன நாட்டின் வாக்கு யாருக்கு வேண்டும் என்று ஒருவர் மறுப்பு எழுதினார். பொதுப்பேரவையில் கிரெனடாவுக்கும் ஒரு வாக்கு, அமெரிக்காவுக்கும் ஒரு வாக்கு. 1992இல் சிங்கப்பூர் 16 நாடுகளோடு தொடங்கிய சிறிய நாடுகள் கருத்தரங்கில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன. ஐநா உறுப்பினர்களில் பாதிக்கு மேல் அது.

ஆகவே விலகக் கூடாது என்பதே என் பதில். 2025 அக்டோபரில், முன்பு கிழக்குத் தீமோர் எனப்பட்ட தீமோர்-லெஸ்டே ஆசியானின் 11ஆவது உறுப்பினராக நம்மோடு வந்து அமர்ந்துவிட்டது. பழைய வாக்குகளைப் பற்றி அவர்கள் முகம் பார்த்துப் பேச நாம் அங்கே இருக்க வேண்டும். ஐநா வாக்களிப்பு விவரங்கள் அதன் இணையத்தளத்தில் எவரும் படிக்கும்படி உள்ளன. அவற்றில் சிங்கப்பூர் தவறாக அளித்ததாக நீங்கள் கருதும் ஒரு வாக்கை எடுத்துக் காரணத்தோடு எழுதுங்கள். இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.