புயலுக்குள் பாய்மரப் பந்தயம்: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

ஆழ்கடல் பாய்மரப் படகுப் பந்தயம் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், நம்ம குமரிக் கடற்கரையில் சின்னமுட்டத்திலிருந்து நீரோடி வரை ஆட்கள் கேள்வியாக அனுப்பித் தள்ளிவிட்டார்கள். கேட்டவரின் ஊர்ப் பெயரைக் கேள்விக்கு முன்னால் போட்டிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பந்தயக்காரன் இல்லை. சரக்குக் கப்பலில் டெக் வேலை பார்த்தவன், இப்போது ஊர்ப் பையன்களுக்குக் கடல் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கிறேன். பந்தய விபத்துகள் பற்றி விடாமல் படிப்பது ஒரு பைத்தியம், அவ்வளவுதான்.

முட்டம்: அண்ணாச்சி, புயல் வருவது தெரிந்தும் எதற்குப் போகிறார்கள்? நிறுத்த ஆள் இல்லையா?

பல நேரம் கிளம்பும்போது முழுசாகத் தெரிந்திருக்காது தம்பி. 1998 டிசம்பர் 26-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் 115 படகுகள் கிளம்பின, புயல் எச்சரிக்கை வந்தது அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. ஹோபார்ட் போய்ச் சேர்ந்தவை 44. ஆறு பேர் இறந்தார்கள், 5 படகுகள் மூழ்கின, 55 பேரை மீட்டார்கள். எச்சரிக்கை வந்தபிறகு திரும்பியிருக்கலாமே என்றால், பந்தய விதியிலேயே ஒன்று இருக்கிறது: கிளம்புவதா, தொடர்வதா என்பதற்கு அந்தப் படகு மட்டுமே பொறுப்பு. நடத்துகிறவர் தலையில் கட்ட முடியாது. என்னைக் கேட்டால் இது சரியான விதி, ஏனென்றால் தன் படகும் தன் ஆட்களும் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று ஸ்கிப்பருக்குத்தானே, அதாவது படகின் தலைவருக்குத்தானே தெரியும். ஆனால் மாதக்கணக்கில் ஆயத்தம் செய்து, பக்கத்துப் படகு திரும்பாமல் போய்க்கொண்டிருக்கும்போது "நான் திரும்புகிறேன்" என்று முதலில் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். இப்போது அந்தப் பந்தயத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாத் தீவுக்கும் நடுவிலுள்ள பாஸ் நீரிணைக்குள் நுழையுமுன் படகும் ஆட்களும் தொடரும் நிலையில் இருப்பதாக ரேடியோவில் அறிவித்தாக வேண்டும்.

கடியப்பட்டணம்: காற்றா அலையா, எது ஆளைக் கொல்லும்?

அலை. அதுவும் உடைகிற அலை. பெரிய அலை நீளமாகப் புரண்டு வந்தால் படகு ஏறி இறங்கிவிடும், அதன் தலை உடைந்து பக்கவாட்டில் விழுந்தால்தான் படகு உருளும். இங்கிலாந்திலிருந்து போய் ஐரிஷ் கடலோரப் பாறை ஒன்றைச் சுற்றி வரும் ஃபாஸ்ட்நெட் பந்தயம் 1979-ல் புயலில் சிக்கியது. அதற்குப் பிறகு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். உடையும் அலையின் உயரம் படகு நீளத்தில் 30 சதவீதம் இருந்தாலே சில கவிழ்ந்தன, 60 சதவீதத்தை நெருங்கியபோது எல்லாமே உருண்டன. பத்து மீட்டர் படகுக்கு 3 மீட்டர் அலையே ஆபத்து, 6 மீட்டர் என்றால் தப்பாது. இன்னொன்று, அறிவிப்பில் சொல்லும் காற்று வேகம் சராசரி. இடையில் வரும் வீச்சு அதைவிட 40 சதவீதம் வரை கூடலாம். அலையும் அப்படியே, இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்று வந்தால் அது கடலுக்கு இயல்புதான். 1998-ல் பந்தயக்காரர்கள் பலருக்கே இது உறைக்கவில்லை.

தூத்தூர்: படகு உடைந்ததுபோல் தெரிந்தால் உடனே ராஃப்டில் (காற்றடைத்த உயிர்காப்பு மிதவையில்) ஏறிவிடுவதுதானே புத்தி?

மக்கா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் உட்கார்ந்திருந்தேன். படகு உன்னை விட்டுப் போனபிறகு நீ படகை விட்டால் போதும். ராஃப்டுக்குள் மேலே ஏறித்தான் போகணும், இறங்கிப் போகக்கூடாது என்று மாலுமிகள் சொல்வார்கள். படகு அந்த அளவுக்கு அமிழும்வரை அதிலேயே இரு என்று அர்த்தம்.

1979-ல் ஃபாஸ்ட்நெட்டுக்கு 303 படகுகள் போயின, ஐரிஷ் கடலோரத்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே புயல் பிடித்தது, பந்தயக்காரர்கள் 15 பேர் இறந்தார்கள். அந்தப் பதினைந்தில் ஏழு பேர் ராஃப்ட் சம்பந்தப்பட்ட விபத்துகளில். ஆட்கள் விட்டுவிட்டு வந்த படகுகள் 24, அவற்றில் மூழ்கியவை ஐந்தே ஐந்து. மீதி எல்லாம் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன! கிரிமால்கின் என்ற படகில் மூன்று பேர், மற்ற இருவரும் செத்துவிட்டார்கள் என்று நினைத்து ராஃப்டில் ஏறிப் போனார்கள். அந்த இருவரும் உயிரோடு இருந்தார்கள். ஒருவர் பிறகு இறந்தார், இன்னொருவர் அந்தப் படகிலேயே கிடந்து ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அந்த இருட்டில் நாடி பார்க்க யாரால் முடியும்.

நம்ம ஆள் அபிலாஷ் டோமியை எடுத்துக்கொள். இந்தியக் கடற்படை அதிகாரி, தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் 2018-ல் போனவர். செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் படகு உருண்டு பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டு எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தார். படகு மிதந்தது, அவர் உள்ளேயே இருந்தார், ஓசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து எடுத்தது. அதே மனிதர் அடுத்த கோல்டன் குளோப்பில் 2023-ல் இரண்டாவதாக வந்தார்.

விட்டே ஆகவேண்டிய நேரமும் உண்டு. 2020-ல், இதுபோலவே தனியாளாக உலகைச் சுற்றும் வாந்தே குளோப் பந்தயத்தில் கெவின் எஸ்கோஃபியேயின் படகு அலையில் மோதி மடங்கிவிட்டது. சில நிமிடத்தில் ராஃப்டுக்குப் போனார். அது சரியான முடிவு.

இனயம்: ஒருத்தனைக் காப்பாற்றப் போனால் பந்தயம் தோற்றுப்போகுமே?

போகாது. உதவுவது கட்டாயம், செலவான நேரத்தைத் திருப்பித் தருவார்கள். எஸ்கோஃபியேயை எடுத்த ஜான் லே காமுக்கு 16 மணி 15 நிமிடம் கொடுத்தார்கள். தேடப் போன யானிக் பெஸ்டாவனுக்கும் நேரம் கிடைத்தது, முடிவுக் கோட்டை மூன்றாவதாகத் தாண்டியவர் அதனால்தான் முதல் பரிசு வாங்கினார்.

தேங்காய்பட்டணம்: புயல் பிடித்தால் பக்கத்துத் துறைமுகத்துக்கு ஓடிவிடலாமா?

முன்கூட்டியே, வெளிச்சத்தில், கடல் எழும்புமுன் என்றால் ஓடு. பிந்திவிட்டால் வெலங்கிலேயே, அதாவது ஆழ்கடலிலேயே கிட. ஆழம் குறையக் குறைய அலை செங்குத்தாகி உடையும். உங்கள் ஊர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து நாம் இழந்தவர்களை நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. பந்தயக்காரர்கள் பின்தலையில் நீளக் கயிறோ டிரோக் என்ற துணிக்கூம்போ இழுத்து வேகத்தைக் குறைப்பார்கள், படகு அலைக்குக் குறுக்கே திரும்பாமல் இருப்பதற்காக. வலை விட்டுக் கிடப்பவனுக்கு இது சட்டென்று புரியும், வலையின் இழுப்பில் அணியம், அதாவது படகின் முன்பக்கம், தானாகக் காற்றுக்கு நேரே நிற்குமே.

வள்ளவிளை: ஒக்கிப் புயலில் எங்க ஆட்களை இழந்தோம். ஆசைக்குக் கடலுக்குப் போகிறவர்களைப் பற்றி எழுதுகிறீர்களே, கோபம் வருகிறது.

கோபம் நியாயம்தான் அக்கா. 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலம், 30-ல் புயல். தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போனவர்கள் அதற்கு முன்பே வெகுதூரம் போயிருந்தார்கள், செய்தி சொல்ல வழியில்லை. பந்தயக்காரனுக்குத் திரும்புகிற உரிமையாவது இருந்தது. நான் இதை எழுதுவது ஒரே காரணத்துக்காக: பந்தயக்காரர்கள் செத்து நடந்த விசாரணைகளுக்குப் பிறகுதான் ரேடியோ, படகோடு கட்டிக்கொள்ளும் வார், உயிர்காப்புச் சட்டை பற்றிய விதிகள் இறுகின. அந்த அறிவு அவர்கள் சொத்து மட்டும் இல்லை.

நாகர்கோவில்: கள்ளக்கடலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நேரடியாகவே. அபிலாஷ் டோமி அடிபட்ட அந்தத் தெற்குக் கடல் புயல்களின் அலைதான் பல நாள் பயணித்து, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறுகிறது. அதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். 2024 மே மாதம் நம்ம குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழுத்துப்போனது அப்படி வந்த அலைதான். கடல் நிலவரம் சொல்லும் ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் எச்சரிக்கை விட்டால் வானம் வெளுத்திருக்கிறதே என்று பார்க்காதீர்கள்.

குளச்சல்: ஒரே ஒரு சாமான் வாங்கக் காசு இருக்கிறது. எதை வாங்க?

உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா? இல்லையென்றால் அது. இருந்தால் அபாய அறிவிப்புக் கருவி. 2024 சிட்னி–ஹோபார்ட்டில் நடுராத்திரி கடலில் விழுந்த ஒருவர் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டார், உடம்பில் இருந்த கருவியால் கண்டுபிடித்தார்கள். இஸ்ரோ மீனவர்களுக்கென்று செய்த புதிய கருவியில் நாம் அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பதிலும் வரும். படகு விவரத்தையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் பதிவு செய்துவிடுங்கள், அது இல்லாவிட்டால் கருவி கத்தினாலும் யார் படகு என்று தேடவே நேரம் போகும். அப்புறம், கடலோரக் காவல்படையின் 1554 என்ற தொலைபேசி எண் கரையில் இருக்கும் வீட்டாருக்கு, டவர் இல்லாத வெலங்கில் அது உதவாது.