பத்தீர் ஊரில் வாரத்துக்கு எட்டு நாள்

கேள்வி: பாலஸ்தீனத்தில் ஒரு கிராமத்தில் வாரத்துக்கு எட்டு நாள் என்கிறார்களே, கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. அது தண்ணீர் முறை. ஊர் பெயர் பத்தீர். ஜெருசலேமுக்குத் தென்மேற்கே, பெத்லகேமை ஒட்டிய மலைச்சரிவு. அரபு கிராமம் என்றதும் மணலும் ஒட்டகமும் படம் போடுகிறவர்கள்மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. இங்கே குளிர்காலத்தில் மழை பெய்யும், ஒலிவமும் திராட்சையும் விளையும். ஊற்றுத் தண்ணீர் எட்டுகிற வயல்களில் காய்கறி. பத்தீர் கத்தரிக்காய்க்கு அந்த வட்டாரத்தில் தனிப் பெயர்.

ஊற்று நீர் ரோமானியர் காலத்துத் தொட்டியில் சேர்கிறது. ஊரில் எட்டுப் பெரிய வகையறா, நாளுக்கு ஒரு வகையறாவாக முறை சுற்றும். இந்த முறை வெள்ளிக்கிழமை என்றால் அடுத்த முறை சனி. தொழுகை நாளில் தண்ணீர் கட்டும் சுமை ஒரே வீட்டின்மேல் நிரந்தரமாக விழாது.

வகையறாவுக்குள் பங்கு பிரிக்கக் கோடு வெட்டிய குச்சி. இரவெல்லாம் ஊறிய தண்ணீரின் ஆழத்தைக் குச்சி விட்டு அளப்பார்கள். தன் பங்குக் கோடுவரை மட்டம் இறங்கியதும் ஒருவர் மடை அடைபடும், அடுத்தவர் மடை திறக்கும். மணிக்கணக்கு வைத்தால் என்ன என்று கேட்கலாம். தொட்டி நிறைந்திருக்கும்போது தண்ணீர் வேகமாகப் பாயும், வடிய வடிய வேகம் குறையும். அதே ஒரு மணி நேரத்தில் முதல் ஆளுக்கு நிறையவும் கடைசி ஆளுக்குக் கொஞ்சமாகவும் போய்விடும். ஆழக் கணக்கில் அந்த வம்பு இல்லை. கோடையில் ஊற்று இளைத்தாலும் குறைவு எல்லோருக்கும் பொது.

சரிவில் படிபடியாக அமைத்த வயல்கள் இவை. இந்தப் படிவயல் சுவர்களைக் காரை பூசாமல்தான் அடுக்க வேண்டும். அடியில் பெரிய கல், உட்பக்கம் லேசான சாய்வு, பின்னால் சில்லுக்கல் நிரப்பு. சிமெண்ட் பூசினால் மழைநீர் வெளியேற வழியின்றிப் பின்னாலேயே தேங்கி, சுவரைத் தள்ளிவிடும். பராமரிப்பில்லாத ஒரு சுவர் சரிந்தால் மண் கீழ்ப்படியில் இறங்கும், அந்தச் சுவரும் பாரம் தாங்காமல் உப்பும். ஒருவர் வயலைக் கைவிட்டால் கீழே இருப்பவருக்கும் சேதம்.

‘விவசாயம் கேட்டால் அரசியல் ஏன்’ என்று சிலர் வருவார்கள். அரசியலை விட்டால் இந்த ஊர் எப்படித் தப்பியது என்பதே புரியாது. 1892-இல் வந்த யாஃபா-ஜெருசலேம் ரயில் பாதை ஊருக்குக் கீழேதான் ஓடுகிறது. 1948 அரபு-இஸ்ரேல் போரில் பெரும்பாலோர் வெளியேறியபோது, ஊர்க்காரர் ஹசன் முஸ்தஃபாவும் சிலரும் காலி வீடுகளில் விளக்கேற்றி, துணி காயப்போட்டு, ஊரில் ஆள் இருப்பதாகக் காட்டினார்கள். 1949 போர்நிறுத்த ஏற்பாட்டில், ரயிலுக்குத் தொந்தரவு கொடுக்காவிட்டால் போர்நிறுத்தக் கோட்டுக்கு அப்பால், இஸ்ரேல் பக்கம் உள்ள தங்கள் நிலத்திலும் பயிர் செய்யலாம் என்று ஒப்புதல் கிடைத்தது.

பிறகு அதே பள்ளத்தாக்கில் இஸ்ரேல் தடுப்புச் சுவர் கட்டத் திட்டமிட்டது. கட்டியிருந்தால் வயலும் உழுபவரும் ஆளுக்கொரு பக்கம். 2014-இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில், ஆபத்தில் உள்ளவற்றின் வரிசையிலேயே சேர்த்தது. 2015 ஜனவரியில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதிச் சுவரை நிறுத்திவைத்தது.