விழித்திரைப் புரதத்தில் சர்க்கரை, பாஸ்பேட் ஒட்டுவதற்கும் பார்வை போவதற்கும் என்ன சம்பந்தம்? மீனெண்ணெய் மாத்திரையில் சரியாகுமா?

என் தாய்மாமாவுக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, விழித்திரை செல்கள் மெல்ல மெல்லச் சாகிற மரபணு நோய். கடலூர் முதுநகரில் ஃபைபர் போட் வைத்திருந்தவர். விஷயம் வெளியே தெரிந்ததே ஒரு சொம்பால்தான். விளக்கு வைக்கிற நேரம். அம்மா அவர் எதிரிலேயே தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுப் போனாள். எழுந்தவர் அதை எத்தித் தள்ளிவிட்டு, "கால்ல படுற மாதிரியா வைப்ப?" என்று கத்தினார். திண்ணையெல்லாம் தண்ணீர். அவருக்குச் சொம்பு தெரியவே இல்லை.

மாலைக்கண் என்று தெருவே தீர்ப்பு சொல்லிவிட்டது. ஒரு வருஷம் முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், மருந்துக்கடையில் கொடுத்த மீனெண்ணெய் மாத்திரை. ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதுதான் உங்கள் கேள்வியும்.

மங்கல் வெளிச்சத்தில் பார்ப்பது கோல் செல்கள். ஒரு கண்ணில் 9 முதல் 12 கோடி. அவற்றில் ஒளியைப் பிடிக்கிற புரதம் ரோடாப்சின். 348 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. வெறும் சங்கிலி வேலைக்கு ஆகாது. 296ஆவது இடத்தில், வைட்டமின் ஏ-யிலிருந்து வருகிற ரெட்டினால் ஒட்ட வேண்டும். 2, 15 ஆகிய இடங்களில் சர்க்கரைச் சரம் ஏற வேண்டும். சத்துக் குறைவால் வருகிற மாலைக்கண்ணில் ரெட்டினாலுக்குத்தான் தட்டுப்பாடு. நாள் கடத்தாமல் வைட்டமின் கொடுத்தால் பார்வை திரும்பிவிடும். முருங்கைக்கீரை ஜெயிக்கிற இடம் அது ஒன்றுதான்.

சர்க்கரைக்கு வருவோம். 15ஆவது இடத்தில் சர்க்கரையை ஏற்றுகிற நொதி, 17ஆவது இடத்தில் த்ரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறதா என்று அடையாளம் பார்த்துத்தான் ஏற்றும். மரபணுப் பிழையால் அங்கே மெத்தியோனின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்துவிட்டால் சரம் ஏறாது. ரோடாப்சின் உறுதியாக நிற்காது. ஒரு கோல் செல் தன் ஒளி பிடிக்கும் தட்டுகளைச் சுமார் 10 நாளில் மொத்தமாகப் புதுப்பித்துக்கொள்கிறது. அத்தனை வேகமாக உற்பத்தி நடக்கிற இடத்தில் சரக்கே கோளாறாக வந்தால் செல் எத்தனை வருஷம் தாங்கும்? முதலில் கோல்கள் சாகும், பின்னாலேயே பகல் பார்வைக்கான கூம்புகளும் போகும். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாவில் ஒரு வகை இப்படித்தான் வருகிறது.

2ஆவது இடத்துச் சர்க்கரைக்கு அடையாளம் 4ஆவது த்ரியோனின். அதில் பிழையுள்ள மாஸ்டிஃப் இன நாய்களுக்கு, கண் பரிசோதனையில் படம் எடுக்கிற அளவு வெளிச்சம் பட்டாலே விழித்திரை அழிகிறது. படித்தபோது எனக்கு வெயிலில் வலை உலர்த்துகிற மாமாதான் ஞாபகம் வந்தார். அவருக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

பாஸ்பேட் கதை வேறு. ஒளி பட்ட ரோடாப்சினை அணைக்க வேண்டும் அல்லவா? கைனேஸ் என்ற வகை நொதி ஒன்று அதன் வாலில் பாஸ்பேட்டை ஒட்டும். அதைப் பிடித்துக்கொண்டு அரெஸ்டின் என்ற இன்னொரு புரதம் வந்து உட்கார்ந்து அணைக்கும். இந்த இரண்டில் ஒன்று பழுதானால் ஒகுச்சி நோய். ஜப்பானில் 1907இல் விவரிக்கப்பட்டது. விழித்திரை பொன்னிறமாக மினுங்கும், பல மணி நேரம் இருட்டில் இருந்தால் இயல்பு நிறத்துக்கு வந்துவிடும். இரவில் பார்வை தடுமாறும், ஆனால் பெரும்பாலும் செல்கள் சாவதில்லை. ஆகவே ஒட்டு போனாலே கண் போய்விடும் என்று பயப்படாதீர்கள். எந்த ஒட்டு என்பதுதான் கணக்கு.

மாத்திரை விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன்: நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வைட்டமின் ஏ அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். அந்தக் காசை மரபணுச் சோதனைக்கு வையுங்கள். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு மருந்து ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணுவுக்கானது, ரெட்டினாலைத் திரும்பத் தயாரிக்கிற நொதிக்கான மரபணு அது. எந்த மரபணு என்று தெரியாமல் அந்த மருந்தைப் பற்றி விசாரித்துப் பயனில்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பம் என்றால் டாக்டரிடம் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். எங்கள் தாத்தா பாட்டி மாமன் மகள், அத்தை மகன். முதல் முறை போனபோது நாங்கள் சொல்லவே இல்லை.

மாமா போட்டைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டார். காலை ஏலத்துக்கு மட்டும் துறைமுகம் போகிறார். எங்கள் வீட்டில் இப்போது யாரும் தரையில் சொம்பு வைப்பதில்லை.