அடியோலையில் சாம்பல் புள்ளி

கேள்வி: நிலாவெளி வளவில் நட்ட தென்னங்கன்றின் அடியோலைகளில் மஞ்சள் புள்ளி விழுந்து, நடுவில் சாம்பலாகிக் காய்கிறது. வெட்டி எறியவா?
– வாசகி, திருகோணமலை

பதில்: கன்றையா? ஐயோ, வேண்டாம் தங்கச்சி! அது பெஸ்டலோஷியோப்சிஸ் என்ற பூஞ்சணத்தின் வேலையாகத்தான் இருக்கும். தேயிலை, பைன் ஊசியிலை என்று பல இடங்களில் குடியிருக்கிற இனம். இலைக்குள் தொல்லை தராமல் சும்மா கிடப்பதும் உண்டு. புள்ளிமேல் மிளகுத்தூள் தூவினதுபோல் கறுப்புப் பொட்டுகள் தெரிகிறதா பாருங்கள். அவைதான் வித்திக்கூடுகள், பூஞ்சணம் பரவ விடுகிற விதைபோன்ற வித்திகள் உருவாகும் இடம். நுணுக்குக்காட்டியில் ஒவ்வொரு வித்தியின் நுனியிலும் இரண்டு மூன்று மயிர் நீட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு இறால் மீசைதான் ஞாபகம் வரும்!

பொட்டாசியம் குறைந்த மணலில் இது கூடும். காய்ந்த அடியோலைகளை மட்டும் வெட்டி எரித்துவிட்டு, பொட்டாசியம் தருகிற பொட்டாஷ் பசளை போடுங்கள். உப்புவெளியில் என் கன்றுக்கு அடுப்புச் சாம்பலும் போடுகிறேன், அதிலும் பொட்டாஷ் இருக்கிறது.